ரிசீவரைக் கடைக்குத் தூக்கும் முன்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் ஹோம் தியேட்டர் ரிசீவர் (டிவி, பிளேயர் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) மக்கர் செய்தால் பலரும் முதலில் செய்வது, பின்னாலிருக்கும் ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டுப் பெட்டியை நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ தூக்கிக்கொண்டு போவதுதான். கடையில் இரண்டு ஸ்பீக்கரை மாட்டிப் போட்டால் நன்றாகவே பாடும். வீட்டுக்கு வந்து மாட்டினால் மறுபடி அதே கோளாறு. பெட்டி மட்டும்தானே ஊருக்குப் போய்வந்தது? பழுது வீட்டிலிருக்கும் ஒயரிலோ, டிவியின் செட்டிங்கிலோ, சுவரிலிருக்கும் எர்த்திலோ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதனால் முதலில் வீட்டில் தேடுங்கள். எந்த அறிகுறிக்கு எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று காரியம். முதலாவது, எந்த ஒயரையும் சொருகும் முன்பும் கழற்றும் முன்பும் எல்லாக் கருவிகளின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் உள்ளே இருக்கும் பவர் சப்ளையிலிருந்து கொஞ்சம் மின்கசிவு எப்போதும் கருவியின் வெளிப்பெட்டிக்கு வரும். எர்த் சரியில்லாத வீட்டில் அதுதான் கை வைத்தால் சுரீர் என்று இழுக்கிறது. அந்த நிலையில் படமும் சத்தமும் சேர்ந்து போகும் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் போர்ட் (கேபிள் சொருகும் துளை) செத்துப்போகலாம்.

இரண்டாவது, ரிசீவர் வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று பாருங்கள். துபாயிலிருந்து வந்தது என்றால் 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்; நம் கரண்டுக்கு ஒத்துப்போகும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 120 வோல்ட்; நேராகச் சொருகினால் முடிந்தது கதை. பின்பக்க ஸ்டிக்கரில் வோல்டேஜ் எழுதியிருக்கும், படித்துவிட்டுச் சொருகுங்கள். துபாய்க் கருவிகளில் தட்டையான மூன்று கால் கொண்ட பெரிய பிளக் வரும். அதற்குப் பத்து, இருபது ரூபாய் அடாப்டர் வாங்கிப் போட வேண்டாம். பல அடாப்டர்களில் எர்த் தொடர்பே கிடையாது, பிடிமானமும் லூஸ். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நம்மூர் பிளக்கை மாற்றிக்கொள்வதுதான் சரி.

மூன்றாவது, டெஸ்ட் டோன். ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டப்புக்குள் போனால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் "உஸ்ஸ்" என்ற சத்தத்தை வரிசையாக ஓடவிடும் வசதி இருக்கும். எல்லா ஸ்பீக்கரிலும் அது கேட்டால் ரிசீவரின் ஆம்ப்ளிஃபையர் பகுதியும் ஸ்பீக்கரும் அவற்றுக்கு இடையிலுள்ள ஒயரும் நல்ல நிலையில் இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் ரிசீவருக்கு முன்னால், அதாவது செட்டாப் பாக்ஸ், டிவி, பிளேயர் பக்கம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரிசீவருக்குப் பின்னால், அதாவது ஒயர், ஸ்பீக்கர் பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும்.

படமும் இல்லை, சத்தமும் இல்லை

செட்டாப் பாக்ஸின் கேபிள் ரிசீவரின் "இன்" வரிசையிலும், டிவிக்குப் போகும் கேபிள் "அவுட்" என்ற இடத்திலும் இருக்கிறதா பாருங்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ரிமோட்டில் நீங்கள் அமுக்கும் பெயரும் கேபிள் சொருகியிருக்கும் போர்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டிவியிலும் ரிசீவர் சொருகிய போர்ட்டைத் தேர்ந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரி, ஆனாலும் கருப்புத் திரைதான் என்றால், கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் இடத்தில் சிக்கல். மூன்றின் பிளக்கையும் பிடுங்கிப் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் முதலில் டிவி, அடுத்து ரிசீவர், கடைசியில் செட்டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள்.

4கே படம் மட்டும் வரவில்லை, சாதாரணப் படம் வருகிறது என்றால் அது வேறு சங்கதி. 4கே ஸ்ட்ரீமிங் பெட்டிகளும் பிளேயர்களும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைக் கேட்கும். நடுவிலிருக்கும் ரிசீவர் பழசாக இருந்து அது இல்லாவிட்டால் 4கே கடந்து போகாது. எந்தக் கேபிள் மாற்றியும் பயனில்லை. பிளேயரை நேராக டிவியில் சொருகிவிட்டுச் சத்தத்தை மட்டும் டிவியிலிருந்து ரிசீவருக்குக் கொண்டுவாருங்கள். அது எப்படி என்பது அடுத்ததில்.

டிவியிலேயே இருக்கும் ஆப்களின் சத்தம் ரிசீவருக்கு வரவில்லை

இப்போதெல்லாம் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். செட்டாப் பாக்ஸ் சத்தம் ரிசீவரில் வருகிறது. டிவியிலேயே யூடியூப் போட்டால் டிவியின் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்கிறது. சத்தம் டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழிக்குப் பெயர் ஆர்க். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இல் இது சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ரிசீவர் என்றால் ஆர்க் இருக்காது. சத்தத்தை வெளிச்சமாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிள்தான் வழி.

டிவியில் நான்கு எச்டிஎம்ஐ போர்ட் இருந்தாலும் ஆர்க் பெரும்பாலும் ஒன்றில் மட்டும்தான். அதன் பக்கத்தில் ஆர்க் அல்லது அதன் புதிய வகையான இ-ஆர்க் என்று அச்சிட்டிருக்கும். ரிசீவரின் "அவுட்" போர்ட்டிலிருந்து வரும் கேபிள் டிவியின் அந்தப் போர்ட்டில்தான் இருக்க வேண்டும். அடுத்து, இரண்டு கருவியிலும் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) ஆன் ஆக வேண்டும். இங்கேதான் ஆள் குழம்புவது, ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெயர் எதுவானாலும் ஆன் செய்யுங்கள். ரிசீவரின் எச்டிஎம்ஐ செட்டிங்கில் சிஇசி, ஆர்க் இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கடைசியாக டிவியின் சவுண்ட் அவுட்புட்டில் டிவி ஸ்பீக்கர் என்பதை மாற்றி ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள்.

நேற்றுவரை வந்துகொண்டிருந்த ஆர்க் இன்று திடீரென்று நின்றுவிட்டால், செட்டிங் எதையும் தொட வேண்டாம். கரண்ட் போய் வந்திருக்கும். மேலே சொன்ன பத்து நிமிட வைத்தியமே பெரும்பாலும் போதும்.

ஆப்டிகல் போடுகிறீர்கள் என்றால் கேபிளின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள். டிவி ஓடும்போது மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேபிள் எங்கோ மடங்கி உடைந்திருக்கும், இல்லையென்றால் டிவியில் ஆப்டிகல் அவுட் அணைந்திருக்கும்.

5.1 (ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கு ஒரு சப்வூஃபரும்) இருந்தும் முன்னால் இரண்டில் மட்டும் சத்தம்

டெஸ்ட் டோனில் எல்லா ஸ்பீக்கரும் பேசிவிட்டால் ரிசீவரின் மேல் பழி போடாதீர்கள். ரிசீவரின் முன்பக்க டிஸ்பிளேயைப் பாருங்கள். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று காட்டுகிறதா, பிசிஎம் என்று காட்டுகிறதா? பிசிஎம் 2.0 என்றால் வருவதே இரண்டு ஸ்பீக்கருக்கான சத்தம்தான். செட்டாப் பாக்ஸிலும் டிவியிலும் ஆடியோ செட்டிங் பிசிஎம்மில் கிடந்தால் அதை ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ் த்ரூ என்று மாற்றுங்கள்.

மாற்றியும் இரண்டுதான் என்றால் நிகழ்ச்சியே ஸ்டீரியோ. நாம் பார்க்கும் தமிழ், மலையாளச் சானல்களில் பலவும் அப்படித்தான். அதற்கு ரிசீவரின் சவுண்ட் மோடில் டால்பி சரவுண்ட், பழைய ரிசீவர் என்றால் புரோ லாஜிக் போடுங்கள். இரண்டைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் கொடுக்கும். ஸ்டீரியோப் பாட்டுக்கு மட்டும் இதைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு ஸ்பீக்கருக்காகக் கலக்கப்பட்ட பாட்டை இரண்டில் கேட்பதுதான் அழகு.

பாட்டு அதிருகிறது, வசனம் கேட்கவில்லை

முதலில் நடு ஸ்பீக்கரில் டெஸ்ட் டோன். வந்தால் அதன் அளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டிப் பாருங்கள். நடு ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில், முழங்காலைப் பார்த்தபடி வைத்திருந்தால் முன்புறத்தைக் கொஞ்சம் தூக்கி முகத்தைப் பார்க்க வையுங்கள். இரவில் சத்தம் குறைத்துப் பார்ப்பவர்களுக்கு நைட் மோட் உதவும். உரத்த சத்தத்தை அடக்கி மெல்லிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

நடு ஸ்பீக்கரே இல்லாத வீடு என்றால் ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டப்பில் சென்டர் என்பதற்கு "இல்லை" என்று போட்டிருக்க வேண்டும். "இருக்கிறது" என்று கிடந்தால் வசனம் முழுக்க இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பேஸ் இல்லை, அல்லது சப்வூஃபர் பேசவே இல்லை

இதில் நம்மூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மைக் செட் கடையில் பெட்டி அடித்து வாங்கிய சப்வூஃபரும், பழைய டிவிடி ஹோம் தியேட்டருடன் வந்த சப்வூஃபரும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஆம்ப்ளிஃபையர் கிடையாது, வெறும் ஸ்பீக்கர்தான். ரிசீவரின் பின்னாலிருக்கும் சப் அவுட் என்ற ஆர்சிஏ துளையில் (நடுவில் ஒற்றைப் பின் உள்ள உருண்டை பிளக் சொருகுவது) வருவது சன்னமான சிக்னல். அது ஒரு ஸ்பீக்கரைத் தள்ளாது. சப்வூஃபரில் கரண்ட் ஒயர் இருந்தால் நேராக மாட்டலாம். இல்லையென்றால் நடுவில் தனி ஆம்ப் வேண்டும்.

கரண்ட் ஒயர் உள்ள சப்பிலும் பேஸ் குறைவு என்றால், பேஸையும் மற்றச் சத்தத்தையும் பிரிக்கும் அதன் கிராஸ்ஓவர் குமிழைப் பெரிய எண் பக்கம் கடைசிவரை திருப்பி வையுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் பிரித்தால் நடுவில் ஒரு பகுதி காணாமல் போகும். ரிசீவரில் மற்ற ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். "லார்ஜ்" என்று வைத்தால் ஸ்டீரியோ நிகழ்ச்சிகளின் பேஸ் சப்புக்கே போகாமல் இருக்கலாம். சத்தம் குறைத்துப் பார்க்கும்போது மட்டும் சப் தூங்கிவிடுகிறது என்றால் அதன் சுவிட்சை ஆட்டோவிலிருந்து ஆனுக்கு மாற்றுங்கள்.

சப் பேசுகிறது, ஆனாலும் பேஸ் வெறுமையாகக் கேட்கிறதா? முன்னிரண்டு ஸ்பீக்கரில் ஒன்றில் மட்டும் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கலாம். ஒரு கோன் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒயரில் நிற அடையாளம் இல்லையென்றால் ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை அதன் இரு முனையிலும் ஒரு நொடி தொட்டெடுங்கள். வூஃபர் கோன் முன்னே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

ஹம்மிங்

இதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் கண்டுபிடித்துவிட்டால் வருகிற நிம்மதியே தனி, அதனால் விட்டுவிடாதீர்கள்.

ஸ்பீக்கரின் அருகில் காதை வையுங்கள். சத்தம் ஸ்பீக்கரில் இல்லாமல் ரிசீவர் பெட்டியிலேயே "ம்ம்ம்" என்று வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. ரிசீவரை அதில் ஓட்டாமல் இருப்பது நல்லது. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சைன் வேவ் வாங்குங்கள்.

ஸ்பீக்கரில்தான் வருகிறது என்றால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். ஹம்மும் கூடவே குறைந்தால் அது செட்டாப் பாக்ஸ், பிளேயர் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது. இப்போது பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, செட்டாப் பாக்ஸின் பின்னாலிருந்து டிஷ் அல்லது கேபிள் டிவி ஒயரை மட்டும் திருகிக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். ஹம் நின்றிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கேபிள் டிவி ஒயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலைக்கு வீட்டுக்கு வெளியே ஓர் எர்த், உங்கள் வீட்டுக்கு வேறோர் எர்த். இரண்டுக்கும் நடுவில் உள்ள வோல்டேஜ் வித்தியாசம் உங்கள் ஒயர் வழியாக ஓடுகிறது, அதுதான் 50 ஹெர்ட்ஸில் கேட்கிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் போட்டு, எச்டிஎம்ஐயை நேராக டிவிக்கு விட்டால் அந்த வழியாக ஓட்டம் அறுந்துவிடும், ஏனென்றால் ஆப்டிகலில் ஓடுவது வெளிச்சம். டிவியும் ரிசீவரும் எச்டிஎம்ஐயால் இணைந்தே இருந்தால் ஹம் சுற்றி வரும்; அப்போது கேபிள் ஒயரின் நடுவில் போடும் ஐசோலேட்டரை ஆபரேட்டரிடம் கேளுங்கள்.

நிற்கவில்லை என்றால், அதேபோல ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆர்சிஏ ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எது கழன்றதும் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஆர்சிஏ பின் கருத்துப்போகும், ஸ்பீக்கர் ஒயரின் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். பின்னைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். களிம்பு ஏறிய ஒயரைச் சுரண்டிப் பிரயோசனமில்லை, வெட்டிவிட்டுப் புதுசாகச் சீவுங்கள்.

எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து ஓட்டினால் ஹம் பல நேரம் குறையும். சப்வூஃபரை மட்டும் அறையின் மறுமூலையில் வேறு பாயிண்ட்டில் போட்டிருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சப்வூஃபர் பிளக்கின் எர்த் காலை வெட்டினால் ஹம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகவும் செய்யும். ஆனால் உள்ளே கரண்ட் கசிந்த அன்று அது போக வழியில்லாமல் தொடுபவர் உடம்பு வழியாகப் போகும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஈரக் காலுடன் ஓடி வருவார்கள். அதற்குப் பதில் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து போயிருந்தால் தண்ணீர் ஊற்றினாலே பல நேரம் மாற்றம் தெரியும்.

ஹம் இல்லை, "கிர்ர்ர்" என்று ஓர் எரிச்சல் சத்தம் என்றால் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். திருப்பத் திருப்பச் சத்தம் மாறினால் ரெகுலேட்டர்தான். படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் மாற்றினால் சரியாகிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டக்கென்று அணைகிறது

டிஸ்பிளேயில் புரொடெக்ட் என்று வந்தோ, சிவப்பு லைட் மின்னியோ அணைந்தால் ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் ரிசீவரிலிருந்து கழற்றுங்கள். இப்போது ஆன் செய்தால் அணையாமல் ஓடுகிறதா? ஓடினால் பெரும்பாலும் ஒயரில் ஷார்ட். சிவப்பிலிருந்து ஓர் இழை நழுவிக் கருப்பைத் தொட்டிருக்கும்; ஒயரின் நுனியை நன்றாக முறுக்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சேர்த்து, எதைச் சேர்க்கும்போது அணைகிறது என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கர் ஒயர்கூட இல்லாமலும் அணைந்தால் பழுது உள்ளேதான். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் அணைகிறது என்றால் சூடு. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் ரிசீவரை அடைத்து, அதன் தலையில் செட்டாப் பாக்ஸையும் வைத்திருப்பது வழக்கமான காட்சி. மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். ஸ்பீக்கரின் பின்னால் ஓம் எவ்வளவு என்றும் பாருங்கள். பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டின் ஸ்பீக்கர்கள் பலவும் 3 அல்லது 4 ஓம். நிறைய ரிசீவர்கள் 6 ஓமோ அதற்கு மேலோ கேட்கின்றன. சத்தம் கூட்டினால் சூடேறி அணையத்தான் செய்யும். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து போர்டில் ஷார்ட் செய்வதும் உண்டு, மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதற்காகக் காற்றுத் துளையை அடைக்காதீர்கள்; பெட்டியைச் சுவரோரத் தரையில் வைக்காதீர்கள்.

உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்

சத்தம் முந்தி வந்தால் ரிசீவரில் லிப் சிங்க் அல்லது ஆடியோ டிலே என்ற இடத்தில் 40 மில்லி செகண்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சத்தம் பிந்தி வந்தால் அந்த எண்ணைப் பூஜ்யமாக்குங்கள், டிவியிலும் தனியாக டிலே இருந்தால் அதையும். ப்ளூடூத் வழியாகச் சத்தம் அனுப்பினால் தாமதம் இருக்கத்தான் செய்யும். படம் பார்க்க அது வேண்டாம்.

படம் மின்னி மின்னி மறைகிறது

4கேயில் மட்டும் என்றால் கேபிள். 4கே 60 பிரேமுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும் கேபிள் வேண்டும். பிரீமியம் ஹை ஸ்பீட் என்று உறையில் போட்டிருக்கும். சாதாரணச் செம்புக் கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. புரொஜெக்டருக்கு நீளமாக வேண்டுமென்றால் ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு; சோர்ஸ் என்று எழுதிய முனை ரிசீவரில், டிஸ்பிளே என்ற முனை புரொஜெக்டரில். மாற்றிச் சொருகினால் படமே வராது. சுவருக்குள் பைப்பில் விடும் முன் வெளியே ஓட்டிப் பாருங்கள்.

பழைய விசிடி, விசிஆர் மாட்டினால் சத்தம் மட்டும் வருகிறது

மஞ்சள் ஒயரில் வரும் படத்தைப் பல ரிசீவர்கள் எச்டிஎம்ஐக்கு மாற்றித் தருவதில்லை. மஞ்சளை நேராக டிவிக்குப் போடுங்கள், சிவப்பும் வெள்ளையும் ரிசீவரில் இருக்கட்டும். கல்யாணக் கேசட் பார்க்க இது போதும்.

இடி மின்னலுக்குப் பிறகு ஒரு போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை

ஏப்ரல், மே கோடைமழையிலும், அக்டோபர், நவம்பர் துலாமழையிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் ஊர் நம்முடையது. பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மாடியிலிருக்கும் டிஷ்ஷின் ஒயரும், இன்டர்நெட் லேன் ஒயரும் சொருகியபடியே இருக்கும். மின்னலின் அதிர்ச்சி அந்த ஒயர் வழியாகச் செட்டாப் பாக்ஸுக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்கும் டிவிக்கும் தாவும். ஸ்பைக் பஸ்டர் போர்டு பக்கத்து மின்னலைத் தாங்காது. பிளக், டிஷ் ஒயர், லேன் ஒயர் மூன்றையும் கழற்ற வேண்டும், அதுவும் வானம் இருளத் தொடங்கும்போதே. தலைக்கு மேல் இடிக்கும்போது அந்த ஒயர்களைத் தொடப் போகாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு போர்ட் போய்விட்டதா? டெஸ்ட் டோன் எல்லா ஸ்பீக்கரிலும் வந்தால் ஆம்ப்ளிஃபையர் பகுதி பிழைத்திருக்கிறது. செட்டாப் பாக்ஸை அடுத்த இன்புட்டில் சொருகி, ரிசீவரின் செட்டப்பில் அந்த இன்புட்டுக்குப் பெயரை மாற்றிவிடுங்கள். எச்டிஎம்ஐ வரிசை முழுக்கப் போயிருந்தால் எல்லாக் கருவியையும் டிவியில் சொருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஓர் ஆப்டிகல் கேபிள் இழுங்கள். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் முழுசாக வரும். டிவியின் டிஜிட்டல் சவுண்ட் அவுட் பிசிஎம்மில் இருந்தால் மாற்ற மறக்காதீர்கள்.